விறகு அறுக்கும் சங்கிலி வாள்: வாங்குமுன் அறிய வேண்டியவை

முட்டம் வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லுங்கால், உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கடன், வட்டி, பங்குத் தொகை ஆகியவற்றைப் பற்றியனவே. அண்மைக் காலமாக அவற்றோடு ஒரு புதுக் கேள்வியும் சேர்ந்துள்ளது. "வீட்டுக்கு வேண்டிய விறகை அறுப்பதற்கு ஒரு சங்கிலி வாள் வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?" என்பதே அது. தென்னை விவசாயி, பனைத் தொழிலாளி, சாயக்கூடம் வைத்திருக்கும் நெசவாளர் என மூவகையினரும் கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட, இப்பத்திரிகையின் வாயிலாகச் சற்று விரிவாகவே எழுதுவது நலமெனத் தோன்றியது.

இக்கேள்வி பிறந்ததற்கு 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலே பெரிதும் காரணம். அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரி முனையை ஒட்டிக் கடந்த அப்புயலில் கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. கரையில் தென்னையும் ரப்பரும் வாழையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து, ஊர் ஊராகப் பல நாட்கள் மின்சாரம் இல்லாது போயிற்று. கூரைமேல் விழுந்த மரத்தை அகற்ற ஒரு வாள் கிடைக்குமா என்று வீடுதோறும் தேடிய அந்நாட்களை இம்மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். "அன்று நம்மிடமே ஒரு வாள் இருந்திருந்தால்" என்ற எண்ணம் அப்போது எழுந்தது. பின்னர், சில ஆயிரம் ரூபாய்க்கே இயந்திர வாள் வீடு தேடி வரும் காலமும் வந்துவிட்டது. பலர் வாங்கினர். அவற்றுள் கணிசமானவை இன்று விறகுப் புரையின் மூலையில் துருவேறிக் கிடக்கின்றன. சிலருக்குக் கைகால்களில் தழும்பும் மிஞ்சியுள்ளது.

முதலில் விறகின் தேவையை நோக்குவோம். எரிவாயு உருளை வந்தபின் அடுக்களையில் விறகு குறைந்தது உண்மை. ஆயினும் குளிக்க வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கவும், சாயத் தொட்டிக்குக் கொதிநீர் வைக்கவும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் இன்றும் விறகு வேண்டியிருக்கிறது. கல்யாணம், அடியந்திரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் விறகு தேவை என்பதனாலேயே சங்கிலி வாளும் தேவை என்றாகிவிடாது. தென்னந்தோப்பு உடையவருக்குக் கிடைக்கும் எரிபொருளில் பெரும்பகுதி ஓலை, மட்டை, கொதும்பு, கதம்பை, சிரட்டை ஆகியவையே. இவற்றுள் எதற்கும் இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு வெட்டுகத்தி போதும். சாய்ந்த தென்னை மரத்தைத் துண்டுபோட வாள் உதவும் என்பது மெய்யே. எனினும் தென்னந்தடியின் புறப்பகுதி மட்டுமே உரமாக இருக்கும், உட்பகுதி பஞ்சுபோன்றது, எரித்தால் தீயைவிடப் புகையே மிகுதி. கையில் சிரட்டை இருக்கையில் தென்னந்தடியை விறகாக்க உழைப்பது வீண் வேலை என்பது என் கருத்து. கொல்லாமரம், மா, புளி, பூவரசு, வேம்பு, வாகை, சவுக்கு, முதிர்ந்த ரப்பர் ஆகியவற்றின் கிளைகளும் தடிகளும் ஆண்டுதோறும் கிடைக்கும் வீடுகளுக்கே வாளைப் பற்றிய யோசனை பொருந்தும்.

இன்னுமொன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சங்கிலி வாள் மரத்தைக் குறுக்கே அறுக்கும் சாதனம். விறகைக் கீறுவது அதன் வேலையன்று. தடியை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்துக் கொடுப்பதோடு அதன் கடமை முடிந்துவிடும். அதன்பின் கோடாலியும் ஆப்புமே வேண்டும். வாள் வந்துவிட்டால் விறகு கீறும் கூலி மிச்சமாகும் என்று எண்ணி வாங்கியவர்களை நான் அறிவேன்.

ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று கிளைகள் மட்டுமே அறுக்க வேண்டியவருக்குக் கைவாள் ஒன்றே போதும். இரும்புக் குழாயை வில்லாக வளைத்து, மெல்லிய அலகைப் பூட்டிய வில்வாள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு அங்குலக் கிளையை அது ஓரிரு நிமிடத்தில் அறுத்துவிடும். அதற்குப் பெட்ரோல் வேண்டாம், அது இரைச்சலிடாது, ஐந்தாண்டு தொங்கவிட்டு எடுத்தாலும் அலகை மாற்றினால் புதிது. இயந்திரத்தின் மீதுள்ள மோகத்தில் இதனை இகழ்ந்து ஒதுக்குவது சரியன்று.

கூலிக் கணக்கையும் போட்டுப் பார்த்தல் அவசியம். உதாரணமாக, ஆளும் வாளும் சேர்ந்து நாளொன்றுக்கு ரூ. 2,000 ஆகிறது என்றும், ஆண்டுக்கு இரண்டு நாள் வேலை இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு ரூ. 4,000. இருபதாயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் வாள் வாங்கினால் அது ஐந்தாண்டுக் கூலிக்கு ஈடாகும். எண்ணெய், சங்கிலி, அரம், பழுதுபார்ப்பு ஆகியவை அதற்குப் புறம்பு. வாள் பிடிப்பவரின் உழைப்பும் கணக்கில் வரவில்லை. ஏழாயிரம் ரூபாய் மின்வாள் என்றால் இரண்டாண்டுக்குள் முதல் திரும்பிவிடும். உங்கள் ஊர்க் கூலியையும் கடை விலையையும் இவ்விடத்தில் இட்டுப் பார்த்தால் உங்களுக்குரிய விடை கிடைக்கும். மரத்தின் மேலேறி வெட்ட வேண்டிய வேலையும், நிற்கும் பெருமரத்தைச் சாய்க்கும் வேலையும் இக்கணக்கில் சேரா. அவற்றுக்கு எத்தனை வாள் வைத்திருந்தாலும் தேர்ந்த ஆளையே அழைக்க வேண்டும்.

இனி, வாளின் அமைப்பைச் சிறிது காண்போம். நீண்ட தகடு ஒன்றின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் சைக்கிள் சங்கிலியை ஒத்த ஒரு சங்கிலி வேகமாகச் சுற்றி ஓடுகிறது. அத்தகட்டைக் கடைக்காரர்கள் பார் என்பர். சங்கிலியின்மேல் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டுப் பற்கள் உள்ளன. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு மேடு ஒன்று உண்டு. பல் எவ்வளவு ஆழமாக மரத்தில் இறங்கலாம் என்பதை அம்மேடே வரையறுக்கிறது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பார் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் வாளையும், 1929-இல் பெட்ரோலால் இயங்கும் வாளையும் செய்தார். அவை இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய எடையுடையவை. அக்காலத்துச் சங்கிலிப் பற்கள் மரத்தைச் சுரண்டினவேயன்றிச் செவ்வனே வெட்டவில்லை. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்து மரம்வெட்டியான ஜோசப் காக்ஸ், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமும் கடித்துச் செல்வதைக் கூர்ந்து கண்டு, அதே பாங்கில் புதுவகைப் பல்லை அமைத்து 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் வாங்கும் சங்கிலிகள் யாவும் அதன் வழிவந்தவையே. நம் தென்னையைக் குடையும் வண்டைச் சபித்துப் பழகிய நமக்கு, ஒரு புழு ஆசானாக இருந்த கதை வியப்பளிக்கும்.

வாள்கள் இயக்கும் ஆற்றலைப் பொறுத்து மூவகைப்படும்: மின்கம்பி வாள், மின்கல வாள், பெட்ரோல் வாள்.

வீட்டு முற்றத்துக்குத் தடியைக் கொணர்ந்து அறுக்கக் கூடியவருக்கு மின்கம்பி வாளே மிகப் பொருத்தம் என்பேன். விலை குறைவு, எடை குறைவு, பொத்தானை விட்டால் நின்றுவிடும், ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து எடுத்தாலும் உடனே ஓடும். எப்போதாவது அறுப்பவருக்கு இக்கடைசிக் குணத்தைவிடப் பெரிய குணம் வேறில்லை. 1,800 முதல் 2,000 வாட் ஆற்றலுள்ள வாள் வீட்டு விறகுக்குத் தாராளமாகப் போதும். 2,000 வாட் வாள் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். ஆதலின் விளக்குக்கும் விசிறிக்கும் வைத்த சிறு பிளக்கில் அதனைச் செருகலாகாது. 15 அல்லது 16 ஆம்பியர்ப் பெரிய பிளக்கே வேண்டும்.

நீட்டிப்புக் கம்பியில்தான் பலரும் சிக்கனம் பார்த்து ஏமாறுகின்றனர். 30 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் கனமும் உள்ள செப்புக் கம்பியில் இம்மின்னோட்டம் பாயும்போது ஏறத்தாழ 9 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 4 வோல்ட்டுக்கும் குறைவு. மாலை வேளையில் ஏற்கெனவே மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் ஊர்களில் மெல்லிய கம்பியைப் போட்டால் மோட்டார் திணறிச் சூடேறும். கம்பியைச் சுருளாக வைத்துக்கொண்டே உபயோகித்தால் கம்பியும் சூடேறி உறை உருகும்; முழுவதும் விரித்துவிட வேண்டும். கசிவு மின்னைக் கண்டவுடன் துண்டிக்கும் சாதனம் வீட்டு மின்பலகையில் இருப்பது அவசியம். மழையிலும் ஈரத் தரையிலும் இவ்வாளை எடுக்கவே கூடாது. கம்பியை வலத் தோளின் மேலாகப் பின்புறம் விட்டுக்கொண்டால் சங்கிலி அதனைக் கடிக்காது.

ஒக்கி போன்ற புயலின்போது மின்சாரமே இராதே, அப்போது இவ்வாள் என்ன பயன் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் எப்போதோ வரும் புயலுக்காக ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டிய ஒரு பெட்ரோல் இயந்திரத்தை வாங்கி வைத்து, அதனைப் பராமரியாமல் விட்டுவிட்டால், புயலன்று அதுவும் ஓடாது.

மின்கல வாளைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். இரைச்சலும் புகையும் கம்பியும் இல்லாதது. கிளைகளுக்கும் ஆறேழு அங்குலத் தடிகளுக்கும் நன்று. ஆயின் மின்கலத்தின் விலையே வாளின் விலையை எட்டிப் பிடிக்கும். உபயோகியாமல் வைத்திருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல மின்கலம் தளரும். அதே கம்பெனியின் புல்வெட்டியோ மருந்து தெளிப்பானோ ஏற்கெனவே வைத்திருந்து, ஒரே மின்கலத்தை மாற்றி மாற்றிப் போடக் கூடியவருக்கு மட்டும் இது இலாபம்.

பெட்ரோல் வாள் தோப்பின் எந்த மூலைக்கும் எடுத்துச் செல்லக்கூடியது. அரை ஏக்கருக்கு மேல் மரமுள்ள நிலமுடையவர்களுக்கு இதனை மறுக்க இயலாது. இதன் இயந்திரம் பெரும்பாலும் இரண்டடிப்பு வகை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிவிடும். அதனைப் பழுதுபார்க்கும் செலவு சில வேளை வாளின் விலையை எட்டும். வீட்டில் ஒருவர் மட்டும் கலக்கி, புட்டியின்மேல் நாளையும் அளவையும் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

எப்போதாவது உபயோகிப்பவருக்குப் பெட்ரோலினால் வரும் தொல்லை இன்னொன்று உண்டு. இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் விட்டு வைத்தால் நீர் அடியில் பிரிந்து நிற்கும். கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் படியும். இரப்பர்ச் சவ்வுகள் விறைக்கும். தைப்பொங்கலுக்கு ஓடிய வாள் ஆடியில் ஓடவில்லை என்று கடைக்குத் தூக்கி வருபவர்களில் பெரும்பாலோரின் நோய் இதுவே. பல சிறு இயந்திரங்களின் கையேடுகள் 10 விழுக்காடு எத்தனால் வரையே ஏற்கும் என்று கூறுகின்றன. வாங்குமுன் கையேட்டை விரித்து இதனைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். வேலை முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, தானே நிற்கும்வரை ஓடவிடுவதுதான் மருந்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கலவையை வாளில் ஊற்றலாகாது.

இனி அளவு. தகடு நீளமாக இருந்தால் வாள் சிறந்தது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. இது தவறு. வீட்டு விறகுக்கு வரும் தடிகள் பெரும்பாலும் ஒரு சாணுக்கு உட்பட்டவை. தென்னந்தடியே ஏறத்தாழ ஓரடிக் குறுக்களவுதான். 14 அங்குலத் தகடு இவற்றுக்கெல்லாம் போதும். 16 அங்குலத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். நீண்ட தகடு எடையைக் கூட்டும். கூர்தீட்ட வேண்டிய பற்களைக் கூட்டும். நுனி எங்கே படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமற் செய்யும். அதுவே ஆபத்தின் பிறப்பிடம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இயந்திரத்தின் கொள்ளளவு 30 முதல் 40 சி.சி. வரை போதுமானது. ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 180 என்ற சிறு வாள் 32 சி.சி.க்குச் சற்றுக் குறைந்தது. எடை சுமார் 4 கிலோ. இதனைப் பரிந்துரையாகக் கூறவில்லை. அளவு எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகவே கூறினேன். மலிவு விலையில் விற்கப்படும் பல வாள்கள் 52 அல்லது 58 சி.சி. என்ற பெரிய எழுத்தோடும் 18 அல்லது 22 அங்குலத் தகட்டோடும் வருகின்றன. அவற்றைத் தூக்கிப் பத்து நிமிடம் அறுத்தால், பழக்கமில்லாத கை நடுங்கத் தொடங்கும். பெட்டியின்மேல் போட்டிருக்கும் சி.சி.யை மட்டும் நம்பாமல், ஆற்றல் எத்தனை கிலோவாட், எடை எத்தனை கிலோ என்பதையும் கேளுங்கள். கடையிலேயே வாளை இரு கைகளாலும் இடுப்பளவில் பிடித்து இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

மலிவான வாள் யாவும் கெட்டவை என்று கூற வரவில்லை. ஆனால் உதிரிப் பாகம் கிடைக்காத வாள் மலிவானதன்று. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் சங்கிலி வாள் நாள்தோறும் புழங்குவதால், நம் மாவட்டத்தில் பழுதுபார்ப்போருக்குக் குறைவில்லை. வாங்குமுன் அவர்களிடம் போய், இன்ன வாளுக்குச் சங்கிலி, கார்புரேட்டர், இழுகயிறு ஆகியவை கையிருப்பில் உண்டா என்று கேட்பது, விளம்பரத்தைப் பத்து முறை படிப்பதைவிடப் பயனுள்ளது. பெயர் தெரியாத வாளைத் தபாலில் தருவித்துவிட்டு, ஐம்பது ரூபாய்ப் பாகத்துக்காக அதனைக் கைவிடுதல் நட்டமே.

பாதுகாப்பு அமைப்புகளில் நான்கினைக் கண்ணால் கண்டு, கையால் இயக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். முதலாவதும் முதன்மையானதும் சங்கிலித் தடை. முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள காப்புப் பலகையை முன்னே தள்ளினால் சங்கிலி உடனே நிற்க வேண்டும். இரண்டாவது, உள்ளங்கை அழுத்தாதவரை முடுக்கியை இழுக்க முடியாதபடி செய்யும் பூட்டு. மூன்றாவது, சங்கிலி அறுந்தால் அதனைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. நான்காவது, கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் சுருளோ இரப்பரோ. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அவ்வாள் வேண்டாம். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

சங்கிலித் தடை ஏன் இத்துணை முக்கியம்? தகட்டு நுனியின் மேற்காற்பகுதி ஏதேனும் ஒரு கட்டையிலோ கிளையிலோ பட்டால், ஓடும் சங்கிலி அதனைக் கடித்து ஏற முயலும். அதனால் வாள் முழுவதும் அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி மேலெழும்பும். இதனைப் பின்னுதை எனலாம். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நிகழ்ந்துவிடுவதால் கைபலத்தால் இதனைத் தடுக்க இயலாது. நல்ல தடை ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள் சங்கிலியை நிறுத்திவிடும். ஆயினும் தடையை மட்டும் நம்பியிராமல் நுனியால் அறுக்காதிருத்தல், தோளுக்கு மேலே வாளைத் தூக்காதிருத்தல், இடக் கையின் பெருவிரலை முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தல், வாளின் நேர்க்கோட்டில் தலையை வைக்காமல் சற்று இடப்புறம் விலகி நிற்றல் ஆகிய நான்கையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பின்னுதை குறைந்த வகைச் சங்கிலி என்றே தனியாக விற்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு அதனைக் கேட்டு வாங்குக. அறுக்கும் வேகம் சற்றுக் குறையும். நமக்கு அவசரம் ஒன்றுமில்லை.

உடையைப் பற்றியும் ஒரு சொல். வேட்டியும் சாரமும் கட்டிக்கொண்டு இவ்வாளை எடுப்பவரை நம் ஊர்களில் நாள்தோறும் காண்கிறோம். காற்றில் அசையும் துணியின் ஓரத்தைச் சங்கிலி பற்றினால், துணியோடு தொடையும் சேர்ந்து இழுபடும். முழுக்காற்சட்டையும் மூடிய காலணியும் கண்ணாடியும் இன்றியமையாதவை. சங்கிலி பட்டவுடன் நார்கள் பிரிந்து சிக்கி அதனை நிறுத்தும் தனிக் காற்காப்பும் விற்கப்படுகிறது; வாங்க இயன்றவர் வாங்குக. பெட்ரோல் வாளின் இரைச்சல் காதருகில் 100 டெசிபலைத் தாண்டும். அத்தகைய இரைச்சலில் நாளொன்றுக்குக் கால் மணிக்கு மேல் காது வெறுமனே இருக்கலாகாது. தறிச் சத்தத்தில் ஏற்கெனவே காது மங்கிய நெசவாள அன்பர்கள் செவிக்காப்பை மறவாதிருப்பார்களாக.

இனி முட்டத்துக்கே உரிய ஒரு செய்தி. கம்பெனிக் கையேடுகளில் இதனைக் காண முடியாது. நம் கடற்கரை மணல் சாதாரண மணலன்று. மணவாளக்குறிச்சியில் அருமணல் ஆலை நிறுவப்பட்டிருப்பதற்குக் காரணமே, இம்மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட், கார்னெட் முதலிய கனிமங்கள் செறிந்திருப்பதுதான். இவற்றுள் கார்னெட் உப்புத்தாள் செய்யவும் இரும்பின் துருவை அகற்றவும் பயன்படும் பொருள். சிர்க்கான் அதனினும் கடினமானது. எஃகுப் பல் ஒன்று இத்தகைய மணலில் ஓடினால் என்னாகும்? உப்புத்தாளில் கத்தியைத் தேய்த்தது போலாகும். மண்ணில் கிடந்த தடியை அப்படியே அறுத்தாலும், தென்னையின் பட்டை வெடிப்புகளில் காற்று வாரியிறைத்து அடைத்த மணலோடு அறுத்தாலும், புதுச் சங்கிலி சில நிமிடங்களில் மழுங்கிவிடும். மலையடிவாரத்தில் ஒருநாள் முழுதும் ஓடும் சங்கிலி கடற்கரையில் ஒரு மணி நேரம் தாங்குவதில்லை என்ற குறை இங்குப் பரவலாகக் கேட்கப்படுவதன் காரணம் இதுவே. அறுக்க வேண்டிய இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நீர் ஊற்றிக் கழுவி, தடியை இரண்டு குறுக்குக் கட்டைகளின்மேல் தூக்கி வைத்தே அறுக்க வேண்டும். கத்தரிபோலப் பிணைத்த கால்களுடைய ஒரு மரக்குதிரையைச் செய்துகொண்டால் முதுகும் பிழைக்கும், சங்கிலியும் பிழைக்கும். பழைய தென்னைகளில் கொடிக் கம்பிக்கும் வேலிக்கும் அடித்த ஆணிகள் பட்டைக்குள் மறைந்திருக்கும். அவற்றையும் முன்பே தேடிப் பார்க்க வேண்டும்.

மணலோடு உப்புக் காற்றும் உண்டு. கலங்கரை விளக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் கதவுக் கீல் எத்தனை விரைவில் துருவேறுகிறது என்பதை அங்குள்ளோர் அறிவர். சங்கிலியின் இணைப்புகளும் அவ்வாறே இறுகும். வேலை முடிந்ததும் சங்கிலியைக் கழற்றி, தூரிகையால் துடைத்து, எண்ணெய் நிறைந்த மூடியுள்ள டப்பாவில் இட்டு வைப்பது சிறந்தது. சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது, அதனையே வாங்குக. மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுத்த எண்ணெயை ஊற்றுவது பரவலான வழக்கம். அதிலுள்ள உலோகத் துகள் தகட்டைத் தேய்க்கும். கையிலும் தோலிலும் பட்டால் நன்றன்று.

கூர்தீட்டுதல் கற்காதவர் சங்கிலி வாள் வாங்கலாகாது என்று நான் துணிந்து கூறுவேன். கூரிய சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாக உமிழும். மாவு போன்ற தூள் விழுந்தாலும், வாளை அழுத்த வேண்டியிருந்தாலும், அறுப்பு ஒருபுறமாக வளைந்தாலும், புகை நாறினாலும் சங்கிலி மழுங்கிவிட்டது என்று பொருள். சிறு வாள்களில் பெரும்பாலும் உள்ள 3/8 அங்குலத் தாழ்வகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரமும், 0.325 அங்குல வகைக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் வேண்டும். ஒவ்வொரு பல்லையும் உள்ளிருந்து வெளியே நோக்கி, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், எண்ணி மூன்று முறை தீட்டினால் போதும். அரம் முன்னே செல்லும்போது மட்டுமே அழுத்த வேண்டும். இடப்பக்கப் பற்களை மிகுதியாகவும் வலப்பக்கப் பற்களைக் குறைவாகவும் தீட்டினால் வாள் வளைந்தே ஓடும். நான்கைந்து முறை தீட்டியபின் பல்லுக்கு முன்னுள்ள மேட்டையும் தட்டை அரத்தால் சிறிது தாழ்த்த வேண்டும். பல்லுக்கும் மேட்டுக்கும் 0.65 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால் சரி. அதனை மிகையாகத் தாழ்த்தினால் பல் ஆழமாகக் கடித்துப் பின்னுதையை வரவழைக்கும். மாற்றுச் சங்கிலி ஒன்றை வாளோடு சேர்த்தே வாங்கிவிடுவது நலம்.

"சங்கமே ஒரு வாளை வாங்கி உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விட்டால் என்ன?" என்று சில சங்கங்களின் நிர்வாகக் குழுவில் கேட்கப்பட்டுள்ளது. உழுபொறியையும் தெளிப்பானையும் பொதுவில் வைத்து நன்கு நடத்தும் சங்கங்கள் உண்டு. வாள் விஷயத்தில் நான் சற்றுத் தயங்குகிறேன். உழுபொறி ஓட்டுநரோடு செல்கிறது. வாளோ பலரின் கைக்கு மாறி மாறிச் செல்லும். முதலாமவர் மணலில் ஓட்டி மழுங்கச் செய்வார்; இரண்டாமவர் மழுங்கிய வாளை அழுத்தித் தகட்டைக் கெடுப்பார்; மூன்றாமவர் எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றுவார்; நான்காமவருக்குக் காயம் பட்டால் பொறுப்பு யாருடையது என்ற வழக்கு சங்கத்தின் வாசலில் வந்து நிற்கும். வாளைத் தனியே வாடகைக்கு விடாமல், பயின்ற ஆள் ஒருவரோடு சேர்த்தே அனுப்புவது, வாடகையில் ஒரு பங்கைச் சங்கிலிக்கும் பழுதுக்கும் ஒதுக்குவது, ஒவ்வொரு முறையும் ஏட்டில் பதிந்து ஒப்பமிடுவது, அவ்வாளுக்குக் காப்பீடு எடுப்பது என்ற நான்கு நிபந்தனைகளோடு தொடங்குவதானால் நான் மகிழ்ந்து ஆதரிப்பேன். நெருங்கிய மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மின்வாள் வாங்கி, ஒருவரிடமே கூர்தீட்டும் பொறுப்பை ஒப்படைப்பது இதனினும் எளிது.

வாள் இருப்பதனாலேயே எம்மரத்தையும் வெட்டலாம் என்பதில்லை. சந்தனம் நம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரம் அரசுடையது. மின்கம்பியின் அருகே நிற்கும் மரத்தைத் தொடுமுன் மின்வாரியத்துக்குத் தெரிவித்து மின்னோட்டத்தை நிறுத்தச் செய்தல் வேண்டும். புயலில் சாய்ந்து, வேரில் பாதி மண்ணைப் பற்றியபடி வில்லாக வளைந்து கிடக்கும் மரத்தை அறுப்பது எல்லாவற்றிலும் கொடியது. அழுத்தம் எப்பக்கம் என்று அறியாது வாளை வைத்தால், தடி தெறித்து அறுப்பவரையே அடிக்கும். அதனை அனுபவமுள்ளவர்க்கே விட்டுவிடுங்கள்.

அறுத்த விறகை உடனே அடுப்பில் வைக்கலாகாது. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக் கூடும். அந்நீரை ஆவியாக்கவே தீயின் வலு செலவாகும். மாசி, பங்குனியில் அறுத்துக் கீறி, தரையில் படாமல் கல்லின்மேல் அடுக்கி, மேற்புறம் மட்டும் மூடி வைத்தால், இடவப்பாதி மழைக்கு முன் ஓரளவு உலர்ந்துவிடும். ரப்பர் விறகு விரைவில் உலரும். விரைவில் உளுத்தும் போகும். அதனை முதலில் எரித்துவிடுவது நன்று.

வாங்கி வந்தவுடன், தகட்டின்மேல் பொறித்திருக்கும் மூன்று எண்களையும், அதாவது சங்கிலியின் இடைவெளி, கனம், ஓட்டு இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை, அரத்தின் அளவோடும் பெட்ரோல் கலக்கும் விகிதத்தோடும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, வாள் பெட்டியின் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த சங்கிலி வாங்க நாகர்கோவிலுக்குப் பேருந்தேறும்போது அத்தாளைக் கைப்பையில் எடுத்துக்கொண்டால், இரண்டாம் முறை அலைய வேண்டியிராது.